ரீகால்: கணினியில் இருக்கும் தமிழ்க் கோப்புகளுக்குள் தேட ஒரு தேடுபொறி, நிறுவுவதற்கான முழு வழிகாட்டி

ஆய்வேடு எழுதுபவர், மின்னூல் சேர்ப்பவர், வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் வழக்கறிஞர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும் கணினியில் ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருக்கும். கோப்பின் பெயர் நினைவிருந்தால் எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம். உள்ளே படித்த ஒரு வரி மட்டுமே நினைவிருக்கிறது என்றால்? அதற்குத்தான் கணினிக்குள்ளேயே இயங்கும் தேடுபொறி வேண்டும். இதில் இணையம் தேவையில்லை. உங்கள் கோப்புகளும் வீட்டை விட்டு வெளியே போகாது.

இந்த வழிகாட்டியில் ரீகால் என்ற தேடுபொறியை உபுண்டு 24.04 அல்லது லினக்ஸ் மின்ட் 22 கணினியில் நிறுவப் போகிறோம். ரீகாலை மட்டும் நிறுவுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அதோடு நிறுத்தினால் உங்கள் சேகரத்தில் பாதி அதன் கண்ணில் படாது. ஒரு கோப்பிலிருந்து எழுத்துகளை வெளியே எடுத்துத் தருவது ரீகாலின் துணை நிரல்கள். அவை எடுத்துத் தருவதை மட்டுமே ரீகாலால் தேட முடியும். அதனால் நேரத்தைத் துணை நிரல்களில் செலவிடுங்கள். தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

ரீகால் எப்படி வேலை செய்கிறது?

ரீகால் கட்டற்ற மென்பொருள், ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. பிரான்ஸைச் சேர்ந்த ஜான்-ஃப்ரான்ஸ்வா டோக்கெஸ் இதை எழுதி, பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறார். நாம் பார்க்கும் ஜன்னல்தான் ரீகால். அடியில் சொற்களை வரிசைப்படுத்திச் சேமித்து, தேடும்போது எடுத்துத் தரும் வேலையைச் செய்வது ஜாப்பியன் என்ற நூலகம். இதன் வேர் கேம்பிரிட்ஜில் 1980களில் மார்ட்டின் போர்ட்டர் உருவாக்கிய மஸ்கட் என்ற தேடல் அமைப்பில் இருக்கிறது.

ரீகால் முதலில் உங்கள் ஃபோல்டர்களை ஒரு சுற்று சுற்றி வருகிறது. ஒவ்வொரு கோப்பும் என்ன வகை என்று பார்க்கிறது. பிடிஎஃப் என்றால் அதற்குரிய துணை நிரலைக் கூப்பிடுகிறது, பழைய வேர்ட் கோப்பு என்றால் வேறொன்றை. கிடைத்த எழுத்தைச் சொற்களாகப் பிரித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் எங்கே வருகிறது என்ற பட்டியலை ஜாப்பியனிடம் கொடுக்கிறது. இந்தப் பட்டியல்தான் இன்டெக்ஸ். நீங்கள் தேடும்போது கோப்புகளை அது மறுபடி திறப்பதில்லை, இன்டெக்ஸை மட்டும் பார்க்கிறது. விடை கண் இமைக்கும் நேரத்தில் வருவது இதனால்தான்.

எலாஸ்டிக்சர்ச், அப்பாச்சி சோலர் போன்றவை பெரிய இணையதளங்களின் பின்னால் சர்வராக ஓடுவதற்கு எழுதப்பட்டவை. சோலருக்கு ஜாவா வேண்டும், நினைவகமும் நிறைய வேண்டும். ஒருவர் தன் மேசைக் கணினியில் தேடுவதற்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் ரீகால் உண்டு. சிறு தொகை செலுத்திப் பெற வேண்டும், முக்கியத் துணை நிரல்கள் அதனுடனேயே வந்துவிடும். கீழே வரும் நிறுவல் படிகள் லினக்ஸுக்கானவை. பழைய எழுத்துரு, தமிழில் தேடும் முறை பற்றிய பகுதிகள் இருவருக்கும் பொதுவானவை.

தொடங்கும் முன்

வட்டில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். வெறும் எழுத்துக் கோப்புகள் மட்டும் இருந்தால் இன்டெக்ஸ் அந்தக் கோப்புகளின் அளவுக்கே வளரலாம், சில சமயம் மிஞ்சலாம். படங்கள் நிறைந்த பிடிஎஃப்கள் என்றால் இன்டெக்ஸ் அவற்றைவிட மிகச் சிறியதாக இருக்கும்.

இன்னொன்று, தேட வேண்டியவற்றை ஒரே ஃபோல்டருக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். ‘நூல்கள்’, ‘ஸ்கேன்’, ‘கடிதங்கள்’ என்று உள்ஃபோல்டர்கள் இருக்கட்டும். ஸ்கேன் செய்த கோப்புகள் தனி ஃபோல்டரில் இருப்பது பிறகு மிகவும் உதவும்.

இங்கே பொதிகளின் (நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களின்) பெயர்களையும் அமைப்புகளின் பெயர்களையும் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். நடுவில் கோடு இருந்தால் அந்தக் கோடும் வேண்டும்.

படி 1: சினாப்டிக்

டெர்மினலில் கட்டளை அடித்துப் பழகியவர்கள் ஆப்ட் மூலமாகவே எல்லாவற்றையும் நிறுவிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு, பொத்தான்களை அழுத்தியே பொதிகளைத் தேடி நிறுவ உதவும் சினாப்டிக் என்ற செயலி வசதியானது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதை இது கண்முன் காட்டும். மின்ட்டில் ஏற்கெனவே இருக்கும். உபுண்டு 24.04இல் ஆப் சென்டரைத் திறந்து சினாப்டிக் என்று தேடுங்கள். ஆப் சென்டர் முதலில் ஸ்னாப் வகை மென்பொருள்களைத்தான் காட்டும். மேலே இருக்கும் வடிகட்டியை டெபியன் பொதிகள் என்று மாற்றினால் சினாப்டிக் தெரியும்.

சினாப்டிக்கைத் திறந்ததும் கடவுச்சொல் கேட்கும். கொடுத்தபின் முதல் வேலையாக ரீலோட் பொத்தானை அழுத்துங்கள். அப்போதுதான் பொதிகளின் புதிய பட்டியல் இறங்கும். பழைய பட்டியலோடு நிறுவப் போனால் கோப்பு கிடைக்கவில்லை என்று பாதியில் நின்றுவிடும்.

படி 2: ரீகால்

சர்ச் பொத்தானை அழுத்தி ரீகால் என்று தேடுங்கள். ஆங்கிலத்தில் ஆர், இ, சி, ஓ, எல், எல். அந்தப் பெயரின் மீது வலது சொடுக்கி ‘மார்க் ஃபார் இன்ஸ்டலேஷன்’ கொடுங்கள். உடனே ஒரு சிறு ஜன்னல் வந்து, இதற்காக வேறு சில பொதிகளையும் நிறுவ வேண்டும் என்று பட்டியல் காட்டும். ஜாப்பியன் நூலகம், ஜன்னல் வரைவதற்கான க்யூட்டி நூலகங்கள் எல்லாம் அதில் இருக்கும். மார்க் கொடுத்து, மேலே அப்ளை அழுத்துங்கள்.

அந்தப் பட்டியலைப் பார்த்து, தேவையான எல்லாமே வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டெபியன், உபுண்டு உலகில் சார்புகள் மூன்று நிலைகளில் இருக்கின்றன. கட்டாயமானவை இல்லாவிட்டால் மென்பொருளே ஓடாது. பரிந்துரைக்கப்படுபவை பொதுவாக எல்லோருக்கும் பயன்படும். மூன்றாவது நிலையில் இருப்பவை வெறும் யோசனைகள், இவை தானாக நிறுவப்படுவதில்லை. ரீகாலுக்குக் கோப்புகளைப் பிரித்துத் தரும் நிரல்கள் பல இந்தக் கடைசி நிலையில்தான் இருக்கின்றன. அவை இல்லாமலும் ரீகால் திறக்கும், தேடும், பிழை எதுவும் காட்டாது. சில வகைக் கோப்புகளுக்குள் மட்டும் சத்தமில்லாமல் தேடாமல் விட்டுவிடும்.

உங்கள் உபுண்டுவில் இருப்பதைவிடப் புதிய ரீகால் வேண்டுமானால், ரீகாலை எழுதியவரே நடத்தும் பிபிஏ களஞ்சியம் (உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே பொதிகளைத் தரும் இடம்) இருக்கிறது. ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ செயலியில் அதர் சாஃப்ட்வேர் பகுதியில் அதைச் சேர்க்கலாம். களஞ்சியத்தின் பெயரில் 1.15 என்று ஒரு பழைய எண் இருக்கும். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், உள்ளே இருப்பது புதிய பதிப்புதான்.

படி 3: துணை நிரல்கள்

இனி சினாப்டிக்கில் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் குறியுங்கள்.

முதலில் பாப்ளர்-யுடில்ஸ். பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்தை எடுப்பது இதில் இருக்கும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் என்ற நிரல். ஸ்கேன் செய்த பக்கங்களைப் படமாக மாற்றித் தரும் நிரலும் இதே பொதியில் இருக்கிறது. வேறு எதை நிறுவாவிட்டாலும் இதை நிறுவ வேண்டும்.

பிறகு ஆன்டிவேர்ட். டாக்ஸ் வடிவம் வருவதற்கு முன்பு பயன்பட்ட பழைய டாக் கோப்புகளுக்கு இது தேவை. டாக்ஸ், லிப்ரெஆபீஸின் ஓடிடி, ஈபப் ஆகியவற்றை ரீகால் தானே படித்துக்கொள்ளும். ஆர்டிஎஃப் கோப்புகள் இருந்தால் அன்ஆர்டிஎஃப். பழைய நூல்களின் டேஜாவு வடிவ ஸ்கேன்கள் வைத்திருந்தால் டேஜாவுலிப்ரே-பின் (ஆங்கிலத்தில் டி, ஜே, வி, யு, எல், ஐ, பி, ஆர், இ, கோடு, பி, ஐ, என்). படங்களில் எழுதிவைத்த குறிப்புகளைத் தேட எக்ஸிஃப்டூல், பாட்டுக் கோப்புகளின் விவரங்களுக்குப் பைதான்3-மியூட்டஜன். கடைசி இரண்டும் எல்லோருக்கும் தேவைப்படாது. உங்கள் சேகரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 4: டெசரேக்ட், தமிழ்த் தரவுடன்

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது வெறும் படம், அதில் எழுத்தே கிடையாது. படத்திலிருந்து எழுத்தை உணரும் ஓசிஆர் நிரல் தேவை. டெசரேக்ட் 1980களின் நடுவில் ஹியூலெட்-பேக்கர்டு ஆய்வகங்களில் தொடங்கியது, 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலைப்பின்னல் முறையில் எழுத்தை உணர்கிறது. தெளிவாக அச்சான தமிழ்ப் பக்கங்களை நன்றாகவே படிக்கிறது.

சினாப்டிக்கில் டெசரேக்ட்-ஓசிஆர் என்ற பொதியைக் குறியுங்கள். டெசரேக்ட் என்பது ஆங்கிலத்தில் டி, இ, எஸ், எஸ், இ, ஆர், ஏ, சி, டி. அதோடு தமிழ்த் தரவு தனிப் பொதியாக இருக்கிறது. அதே பெயருக்குப் பின் ஒரு கோடு, பிறகு டி, ஏ, எம். இதை மறந்தால் டெசரேக்ட் தமிழ் எழுத்துகளை ஆங்கிலமாக நினைத்துப் படித்து, அர்த்தமில்லாத குப்பையைத் தரும். அந்தக் குப்பையும் இன்டெக்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நிறுவியபின் சரிபார்த்துவிடுங்கள். டெர்மினலைத் திறந்து டெசரேக்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு கோடுகள் போட்டு லிஸ்ட்-லாங்ஸ் என்று அடியுங்கள். வரும் பட்டியலில் ஆங்கிலத்துக்கான இ-என்-ஜி, தமிழுக்கான டி-ஏ-எம் இரண்டும் இருக்க வேண்டும்.

படி 5: முதல் இன்டெக்ஸுக்கு முன் அமைப்புகள்

ரீகாலைத் திறந்தால், முதல் முறை என்பதால் ஒரு ஜன்னல் வரும். இன்டெக்ஸிங் அமைப்பு, நேர அட்டவணை, ‘இப்போதே தொடங்கு’ என்று மூன்றும் அதில் இருக்கும். தொடங்குவதை இப்போது அழுத்த வேண்டாம். அமைப்புக்குள் போங்கள். தேட வேண்டிய இடமாக உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதும் போட்டிருக்கும். அதை நீக்கி, நீங்கள் உருவாக்கிய ஃபோல்டரை மட்டும் சேருங்கள். ஹோம் முழுவதையும் விட்டால் மென்பொருள்கள் தங்களுக்காக எழுதிவைத்த கோப்புகளும் தேடலில் வந்து நிற்கும்.

இன்டெக்ஸிங் அமைப்பில் ஸ்டெம்மிங் மொழிகள் என்ற இடம் இருக்கிறது. சொல்லின் விகுதிகளை நீக்கி வேரைப் பார்க்கும் வசதி இது. ஜாப்பியன் இதற்கு ஸ்னோபால் திட்டத்தின் நிரல்களைப் பயன்படுத்துகிறது. அந்தத் திட்டத்தில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. உங்கள் பதிப்பின் பட்டியலில் தமிழ் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரீகாலை மூடிவிட்டு ஹோம் ஃபோல்டரைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்துங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் ரீகால் ஃபோல்டருக்குள் ரீகால்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கும். அதை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, கடைசியில் மூன்று வரிகள் சேருங்கள். ஓசிஆர்ப்ரோக்ஸ் (ஓ, சி, ஆர், பி, ஆர், ஓ, ஜி, எஸ்), சமக்குறி, டெசரேக்ட் என்பது ஒன்று. டெசரேக்ட்லாங், சமக்குறி, டிஏஎம், கூட்டல் குறி, இஎன்ஜி என்பது இரண்டாவது. பிடிஎஃப்ஓசிஆர், சமக்குறி, 1 என்பது மூன்றாவது.

மூன்றாவது வரிக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் உங்கள் ஸ்கேன் ஃபோல்டரின் முழுப் பாதையை ஒரு தனி வரியாக எழுதினால், அந்த ஃபோல்டருக்குள் மட்டும் ஓசிஆர் நடக்கும். இப்படிச் செய்வதையே பரிந்துரைக்கிறேன். ஓசிஆர் மிக மெதுவான வேலை. எழுத்தே இல்லாத விளம்பரத் தாள், ரசீது என்று எல்லாப் பிடிஎஃப்களிலும் அது இறங்கினால் கணினி நாள்கணக்கில் திணறும்.

படி 6: முதல் சுற்று

முழு சேகரத்தையும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். பிடிஎஃப் இரண்டு, பழைய டாக் ஒன்று, ஈபப் ஒன்று, சில பக்க ஸ்கேன் ஒன்று என்று ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் மட்டும் அந்த ஃபோல்டரில் வைத்து, ஃபைல் மெனுவில் இன்டெக்ஸைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

முடிந்ததும் மெனுக்களில் ‘மிஸ்ஸிங் ஹெல்பர்ஸ்’ என்பதைத் தேடித் திறங்கள். பதிப்பைப் பொறுத்து இடம் மாறும். எந்தத் துணை நிரல் இல்லாததால் எந்த வகைக் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று அது சொல்லும். இதே விவரம் ரீகால் ஃபோல்டரில் மிஸ்ஸிங் என்ற கோப்பிலும் எழுதப்பட்டிருக்கும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பட்டியலில் வருவதைச் சினாப்டிக்கில் நிறுவி, மறுபடி ஒரு சுற்று விடுங்கள்.

அதன்பின் ஒவ்வொரு மாதிரிக் கோப்பிலும் உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். எல்லாம் கிடைத்தால் முழு சேகரத்தையும் உள்ளே விடலாம். ஸ்கேன்கள் அதிகம் என்றால் இரவில் ஓடவிட்டு, கணினி தானாகத் தூங்கிவிடாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தினாலும் பாதகமில்லை, அடுத்த முறை மிச்சத்தை மட்டும் செய்யும்.

பழைய எழுத்துரு பிடிஎஃப்கள்

தமிழ் வாசகர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. ஆனாலும் அச்சகங்களும் பதிப்பகங்களும் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களிலும், டிஸ்கி, 1999இல் வந்த டாம், டாப் குறியீடுகளிலும்தான் வேலை செய்தன. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அந்தக் காலத்துப் பிடிஎஃப்கள் திரையில் அழகான தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால் ரீகாலுக்கும் அதுதான் தெரியும். சில யூனிகோடு பிடிஎஃப்களிலும் கொம்பு ஓர் இடம், கால் ஓர் இடம் என்று சிதறி வருவது உண்டு. அவற்றையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5இல் அமைத்த ஓசிஆர் இவற்றைத் தொடாது. எழுத்தே இல்லாத பிடிஎஃப்களில்தான் ரீகால் ஓசிஆரைக் கூப்பிடும். இங்கே ஏதோ எழுத்து இருக்கிறதே! அதனால் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற பொதியைச் சினாப்டிக்கில் நிறுவுங்கள். டெர்மினலில் அதன் பெயரை அடித்து, ஒரு கோடும் எல் எழுத்தும், பிறகு டிஏஎம் கூட்டல் இஎன்ஜி, பிறகு இரண்டு கோடுகளுடன் ஃபோர்ஸ்-ஓசிஆர், கடைசியாகப் பழைய கோப்பின் பெயர், புதிய கோப்பின் பெயர் என்று இடைவெளி விட்டுக் கொடுங்கள். பக்கங்களைப் படமாக்கி, பொய்யான எழுத்தை எறிந்துவிட்டு, உண்மையான தமிழ் எழுத்தைப் பின்னால் வைத்துப் புதிய பிடிஎஃப் தரும். மூலக் கோப்பை அழித்துவிடாமல் வேறு ஃபோல்டரில் வைத்திருங்கள்.

தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் யூனிகோடு மின்னூல்களை இறக்கி வைத்திருந்தால் அவற்றுக்கு இந்தப் பாடு பெரும்பாலும் இருக்காது.

தமிழில் தேடுவது

தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டியலில் ‘க்வெரி லாங்வேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இரண்டு சொற்கள் அடித்தால் இரண்டும் உள்ள கோப்புகள் வரும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அதே வரிசையில் உள்ள தொடர் வரும். ஒரு சொல்லுக்கு முன் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ளவை விலகும்.

வேற்றுமை உருபுகள்தான் தமிழில் பெரிய விஷயம். புத்தகம் என்று தேடினால் புத்தகத்தில், புத்தகங்களை என்று எழுதியிருப்பவை தவறிப்போகலாம். புத்தக என்று அடித்து இறுதியில் நட்சத்திரக் குறி போடுங்கள், எல்லா வடிவங்களும் வரும். வீடு, வீட்டில், வீட்டை மூன்றையும் பிடிக்க ‘வீட’ என்று உகரம் இல்லாமல் நிறுத்தி நட்சத்திரம் போட வேண்டும். கணினியைப் பொறுத்தவரை டு என்பதும் ட் என்பதும் ‘ட’வுக்குப் பின் ஒரு குறி சேர்ந்தவையே. குறுகிய சொற்களில் வேண்டாதவையும் சேரும்: ‘மர’ என்று போட்டால் மரத்துடன் மரபும் வரும். நட்சத்திரத்தைச் சொல்லின் தொடக்கத்தில் போட்டால் தேடல் மெதுவாகும்.

நீளமான சொற்களை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அரசாங்கத்திற்கு, நடைமுறைப்படுத்தப்பட்டது போன்ற ஒன்று உங்கள் கோப்பில் இருப்பது நிச்சயமாகத் தெரிந்தும் தேடலில் வரவில்லையா? ரீகாலில் மேக்ஸ்டெர்ம்லெங்த் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைவிட நீண்ட சொற்களை அது இன்டெக்ஸில் சேர்ப்பதில்லை. இயல்பு அளவு 40. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும் என்பதால், நீளம் பைட்டில் அளக்கப்படும்போது நம் சொற்கள் எளிதில் எல்லையைத் தாண்டிவிடும். ரீகால்.கான்ஃப் கோப்பில், சதுர அடைப்பு வரிக்கு மேலே, இந்த அளவை 150 என்று எழுதிச் சேமித்து, இன்டெக்ஸை முழுவதுமாக மறுபடி கட்டச் சொல்லுங்கள். ஜாப்பியனில் ஒரு சொல்லுக்கு 245 பைட்தான் உச்சம், அதனால் 200ஐத் தாண்ட வேண்டாம்.

ஓசிஆர் செய்த பக்கங்களில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கக்கூடும். தேடியது கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுத் தேடுங்கள், அது ஏதேனும் ஒரு குறிக்கு ஈடாக நிற்கும்.

விடைகளில் பிடிஎஃப் ஒன்றின் கீழே ‘ஸ்னிப்பெட்ஸ்’ என்ற இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் சொல் வரும் பக்கங்களை எண்ணோடு காட்டும், அங்கிருந்து அந்தப் பக்கத்துக்கே போகலாம். 600 பக்க நூலில் ஒரு பெயரைத் தேடுபவருக்கு இதன் அருமை புரியும்.

புதுப்பித்தலும் காப்பு நகலும்

புதிய கோப்புகள் சேரும்போது இன்டெக்ஸும் மாற வேண்டும். நேர அட்டவணை அமைப்பில் இரண்டு வழிகள்: குறிப்பிட்ட நேரத்தில் தினமும் ஒருமுறை, அல்லது கோப்பு மாறிய உடனே. மடிக்கணினியில் பேட்டரி போகும் என்பதால் முதல் வழியே போதும். ஓசிஆர் செய்யும் ஸ்கேன் ஃபோல்டர் இருந்தால் நிச்சயம் அதுதான் சரி.

காப்பு நகல் எடுக்கும்போது ஜாப்பியன்டிபி என்ற ஃபோல்டரை விட்டுவிடலாம். அதுதான் இன்டெக்ஸ், எப்போது வேண்டுமானாலும் மறுபடி கட்டிக்கொள்ளலாம். ரீகால்.கான்ஃப் கோப்பையும், ஓசிஆர்கேஷ் ஃபோல்டரையும் மட்டும் எடுத்து வையுங்கள். டெசரேக்ட் இரவெல்லாம் படித்த எழுத்து இந்த இரண்டாவதில்தான் சேர்ந்திருக்கும். அது பத்திரமாக இருந்தால் இன்டெக்ஸை எத்தனை முறை புதிதாகக் கட்டினாலும் ஸ்கேன்களை மறுபடி ஓசிஆர் செய்ய வேண்டியிருக்காது.